அணைக்க முடியாத அடுப்பு

2001 டிசம்பர் 2. ஜார்ஜியா நாட்டின் மேற்கு மலைப்பகுதியில், லியா என்ற ஊரைச் சேர்ந்த மூன்று பேர் விறகு ஏற்றிவர லாரியில் காட்டுக்குள் போனார்கள். கடும் பனிக்காலம். எங்கும் வெள்ளையாக மூடிக் கிடந்த தரையில் ஓரிடம் மட்டும் கருத்த ஈரமண்ணாகத் தெரிந்தது. ஒரு மீட்டர் சுற்றுக்குப் பனி உருகி, மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நடுவே இரண்டு சின்ன உலோக உருளைகள். ஒருவர் ஒன்றைக் கையில் எடுத்தார். சூடு தாங்காமல் உடனே போட்டுவிட்டார். அளவுக்கு மீறிய கனம் வேறு. எட்டுப் பத்து கிலோ இருக்கும்.

அன்றிரவு காட்டிலேயே தங்கவேண்டிய நிலை. குளிர்காய இதைவிட வசதியாக என்ன கிடைக்கும்? உருளைகளைக் கம்பியில் கோத்துத் தூக்கிவந்து, முதுகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் தலைவலி, மயக்கம், விடாத வாந்தி. அடுத்தடுத்த வாரங்களில் முதுகுத் தோல் வெந்து உரிந்தது. மூவரில் ஒருவர், பல நாட்டு மருத்துவர்கள் முயன்றும் பலனில்லாமல், 2004 மே மாதம் இறந்துபோனார்.

அந்த உருளைகளில் இருந்தது ஸ்ட்ரான்சியம்-90. சோவியத் காலத்தில், எங்குரி ஆற்றின் அணைக்கட்டுத் திட்டங்களுக்கு இடையே வானொலித் தொடர்புக்காக மலையில் கருவிகள் வைத்தார்கள். மின்கம்பி இழுக்க முடியாத இடம் என்பதால் அவற்றுக்குக் கதிரியக்க மின்னாக்கிகளைப் பொருத்தினார்கள். பிறகு சோவியத் யூனியனே கலைந்துபோனது. கருவிகளை யாரோ உடைத்து உலோகத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள். உள்ளே இருந்த சூட்டு உருளைகள் மட்டும் பனியில் கிடந்தன. நாடு போனது அவற்றுக்குத் தெரியாது. அவை பாட்டுக்குக் கனன்றுகொண்டிருந்தன. 2002 பிப்ரவரியில் சர்வதேச அணுசக்தி முகமையும் ஜார்ஜிய அரசும் சேர்ந்து அவற்றை மீட்டபோது, ஓர் ஆள் அருகில் நிற்க அனுமதிக்கப்பட்ட நேரம் 40 விநாடி.

இதே வகைக் கருவிதான் 48 ஆண்டுகளுக்கு மேலாக வாயேஜர் விண்கலத்தை உயிரோடு வைத்திருக்கிறது. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்ந்துகொண்டிருப்பதும், புளூட்டோவின் முகத்தை மனிதன் பார்த்ததும் இதன் தயவில்தான். ஒரு கண்டுபிடிப்பு ஓரிடத்தில் வரமாகவும் இன்னோரிடத்தில் எமனாகவும் இருப்பதற்குக் காரணம் கருவிக்குள் இல்லை. அதை வைத்தவர்கள் பிறகு அதைக் கவனித்தார்களா என்பதில் இருக்கிறது. அறுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இந்த ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

சுழலாத மின்னாக்கி

அணு உலை என்றதும் நினைவுக்கு வரும் எதுவும் இதில் கிடையாது. தொடர்வினை இல்லை, நீராவி இல்லை, சுழலும் சக்கரம் இல்லை. சில தனிமங்களின் அணுக்கரு நிலையில்லாமல் தானாகவே சிதைகிறது. சிதையும்போது சீறி வெளிவரும் துகள்கள் அந்தப் பொருளுக்குள்ளேயே மோதி நிற்கின்றன. அந்த மோதல் வெப்பமாகிறது. ஒரு கிராம் புளூட்டோனியம்-238 ஏறக்குறைய அரை வாட் வெப்பத்தை, யாரும் கேட்காமலே, இரவும் பகலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். போதுமான அளவு சேர்த்துவைத்தால் செங்கல் நிறத்தில் ஒளிரும்.

வெப்பத்தை மின்சாரமாக்கும் உத்தி இன்னும் பழையது. 1821இல் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி அசைந்தது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்கும்வரை மின்னோட்டம் பாயும் என்பதுதான் அதன் பொருள். கதிரியக்கச் சூட்டையும் சீபெக்கின் விளைவையும் ஒன்றாக்கி, 1954இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மவுண்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் ஜோர்டனும் ஜான் பர்டனும் முதல் கருவியைச் செய்தார்கள். இதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆர்டிஜி என்பார்கள். பத்திரிகைகள் வைத்த பெயர் அணு பேட்டரி.

இதன் திறன் என்று பார்த்தால் மிக மோசம். கியூரியாசிட்டியின் முதுகில் இருக்கும் கருவி 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடிலிருந்து சுமார் 2000 வாட் வெப்பத்தை எடுக்கிறது. அதில் மின்சாரமாகத் தேறுவது 110 வாட். நூற்றுக்கு ஆறு கூட வராது. ஆனால் மிச்சச் சூடு வீணாவதில்லை. செவ்வாயின் இரவுக் குளிரில் மின்னணுக் கருவிகள் உறையாமல் காப்பது அதுதான். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்வதற்கும் பழுதாவதற்கும் ஏதுமில்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

எந்தத் தனிமத்தை எரிபொருளாக வைப்பது என்பதில்தான் சூட்சுமம். பொலோனியம்-210 கடும் சூடு தரும். ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீரும் காலம், 138 நாள். ஸ்ட்ரான்சியம்-90 அணு உலைக் கழிவிலேயே ஏராளமாகக் கிடைக்கும், மலிவு, அரை ஆயுளும் சுமார் 29 ஆண்டு. ஆனால் அதன் கதிர்வீச்சை அடக்க அதிக எடையில் கவசம் வேண்டும். தரையில் வைப்பதானால் பரவாயில்லை. ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள் 87.7 ஆண்டு. அது வெளியிடும் ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். வெளியில் இருக்கும்வரை சாது. பொடியாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்க்கு வழி. அணுகுண்டில் பயன்படுவது புளூட்டோனியம்-239. இது வேறு, இதைக் கொண்டு குண்டு செய்ய முடியாது.

விழுந்தவையும் எழுந்தவையும்

1959 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் மேசைமீது ஸ்நாப்-3 என்ற கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளை மாளிகைக்குள் பொலோனியம் நிரப்பிய மின்னாக்கி! இன்றைக்கு நினைத்தாலே பாதுகாப்பு அதிகாரிகளுக்கு வேர்த்துவிடும். அணு என்றால் வளர்ச்சி என்று உலகம் நம்பிய காலம் அது. இரண்டே ஆண்டில், 1961 ஜூன் 29 அன்று, டிரான்சிட்-4ஏ என்ற கடற்படைச் செயற்கைக்கோளில் அதன் அடுத்த வடிவம் விண்ணுக்குப் போனது. கொடுத்த மின்சாரம் 2.7 வாட்.

அப்போது வகுத்திருந்த பாதுகாப்புக் கொள்கை விசித்திரமானது. ராக்கெட் தோற்றுக் கருவி திரும்பி விழ நேர்ந்தால், வளிமண்டலத்தின் உச்சியிலேயே எரிந்து பொடியாகிக் கலந்துவிட வேண்டும். கலந்துவிட்டால் யாருக்கும் பெரிய பாதிப்பு இராது என்று கணக்கு. 1964 ஏப்ரல் 21 அன்று அது நடந்தே விட்டது. இன்னொரு டிரான்சிட் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் இந்தியப் பெருங்கடலின் மேலே எரிந்தது. அதிலிருந்த சுமார் ஒரு கிலோ புளூட்டோனியம் காற்றில் பரவியது. பலூன்களை அனுப்பி உயர வளிமண்டலத்தைச் சோதித்தவர்கள் அந்தத் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் உலகின் பல பகுதி மண்ணிலும் தடயம் தெரிந்தது. திட்டமிட்டபடியே நடந்த தோல்வி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அத்தோடு கொள்கை தலைகீழானது. இனி எது நடந்தாலும் எரிபொருள் உடையாமல் முழுதாக விழ வேண்டும். நாளடைவில் புளூட்டோனியத்தைப் பீங்கான்போல இறுகிய ஆக்சைடு வில்லைகளாகச் சுட்டார்கள். உடைந்தாலும் பொடியாகாமல் துண்டுகளாகும். அதன்மேல் இரிடியம் உறை, அதற்கும் மேலே கிராஃபைட் கவசம். புதிய கொள்கைக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1968 மே மாதம் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய நிம்பஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ராக்கெட் திசை மாற, பாதுகாப்பு அதிகாரி அதை வெடிக்க வைத்தார். எரிபொருள் கடலில் விழுந்தது. சில மாதம் தேடி, சாண்டா பார்பரா கால்வாயின் அடியிலிருந்து முழுதாக எடுத்தார்கள். அதே எரிபொருளைப் பின்னர் இன்னொரு செயற்கைக்கோளிலும் வைத்து அனுப்பினார்கள். அமெரிக்கச் சிக்கனத்துக்கு இப்படி ஓர் உதாரணம் வேறெங்கும் கிடைக்காது.

1970இல் அப்போலோ 13. ஆக்சிஜன் தொட்டி வெடித்து மூன்று விண்வெளி வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துத் திரும்பிய கதை எல்லோருக்கும் தெரியும். நிலவில் வைக்கவேண்டிய 3.8 கிலோ புளூட்டோனியமும் அவர்களோடு திரும்பி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நிலவிறங்கு கலத்தின் பக்கவாட்டில் கட்டியிருந்த அந்த எரிபொருள் இன்று பசிபிக் கடலில், டோங்கா ஆழ்கடல் பள்ளத்தில் கிடக்கிறது. கசிவுக்கான அறிகுறி இல்லை.

அதற்கு முந்தைய அப்போலோ 12இல் நடந்தது கொஞ்சம் சிரிப்பாகவே இருக்கும். 1969 நவம்பரில் நிலவில் இறங்கிய ஆலன் பீன், எரிபொருள் தண்டை உறையிலிருந்து உருவ முயன்றார். சிக்கிக்கொண்டு வரவில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவில் தீட்டிய திட்டம் ஒரு தண்டில் நின்றது. உடன் இறங்கிய பீட் கான்ராட் சுத்தியலை எடுத்துவந்து உறையின் பக்கத்தில் ஓங்கித் தட்ட, பீன் மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். அந்தக் கருவி சுமார் 70 வாட் கொடுத்து, நிலநடுக்கமானி உட்பட நிலவில் வைத்த ஆய்வுக் கருவிகளை இயக்கியது. 1977 செப்டம்பர் 30 அன்று அப்போலோ கருவிகள் அனைத்தையும் பூமியிலிருந்து அணைத்தார்கள். மின்சாரம் தீரவில்லை, ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது.

ஆண்டுக்கு நான்கு வாட்

நிதி இருந்த இடத்தில் என்ன சாதிக்கலாம் என்பதற்கு அதே 1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களும் சாட்சி. ஒவ்வொன்றிலும் மூன்று மின்னாக்கிகள். கிளம்பும்போது மொத்தம் சுமார் 470 வாட். ஆண்டுக்கு ஏறக்குறைய 4 வாட் குறைகிறது. புளூட்டோனியம் சிதைவது ஒரு காரணம். வெப்பத்தை மின்சாரமாக்கும் இணைப்புகள் மெல்ல வலுவிழப்பது இன்னொன்று. வாயேஜர் 1, 2012 ஆகஸ்டில் சூரியனின் ஆதிக்க எல்லையைத் தாண்டியது. வாயேஜர் 2, 2018 நவம்பரில் தாண்டியது. அங்கே சூரியன் மற்ற விண்மீன்களைவிட மிகப் பிரகாசமான ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் அவற்றைக் கவனிக்கும் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்வது ரேஷன் கடை வேலை. எதை அணைத்தால் எது இன்னும் சில மாதம் ஓடும்? சூடேற்றியை அணைத்தால் கருவி உறைந்துவிடுமா? உறைந்துவிடும் என்று பயந்துகொண்டே அணைத்த பின்னும் சில கருவிகள் வேலை செய்து வியக்க வைத்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் வாயேஜர் 2இன் பிளாஸ்மா கருவியை அணைத்தார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர் கருவிக்கு ஓய்வு கொடுத்தார்கள். வாட் வாட்டாகக் கணக்குப் பார்த்து இப்படி ஒரு கலத்தைப் பேணுவது பொறியியல் மட்டுமில்லை. கிட்டத்தட்ட ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

சூரிய ஒளியை நம்பியவர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 2014 நவம்பரில் ஐரோப்பாவின் ஃபிலே இறங்குகலம் ஒரு வால்மீனில் துள்ளி விழுந்து நிழலில் மாட்டிக்கொண்டது. சுமார் அறுபது மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. 2018இல் செவ்வாயைத் தூசிப் புயல் மூடியபோது, பதினான்கு ஆண்டுகள் உழைத்த ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி சோலார் பேனலில் ஒளி விழாமல் ஓய்ந்தது. அதே புயலை கியூரியாசிட்டி படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1997 அக்டோபரில் சுமார் 33 கிலோ புளூட்டோனியத்தோடு காசினி விண்கலம் சனிக் கிரகத்துக்குக் கிளம்பியபோது, கேப் கனாவரலில் மக்கள் திரண்டு போராடினார்கள். சனிக் கிரகத்தில் சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். அன்றைய சோலார் பேனல்களால் அங்கே காலம் தள்ள முடியாது என்பது நாசாவின் வாதம். வேகம் கூட்டுவதற்காக 1999 ஆகஸ்டில் காசினி பூமிக்கு 1,200 கிலோமீட்டர் பக்கத்தில் வந்துபோன இரவில் சிலர் தூங்கியிருக்க மாட்டார்கள். காசினி வென்றதால் போராடியவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று கேலி செய்வது பின்னாளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1964இல் காற்றில் கலந்த ஒரு கிலோவை ஞாபகம் வைத்திருந்தவர்கள் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு கிராமுக்கும் பதில் சொல்லவேண்டிய நிலைமையை உண்டாக்கியது அப்படிப்பட்ட கேள்விகள்தான்.

இன்னொரு கட்டுப்பாடு தானாக வந்தது. புளூட்டோனியம்-238 இயற்கையில் கிடைப்பதில்லை. நெப்டியூனியத்தை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்கி, பிறகு வேதியியல் முறையில் பிரிக்க வேண்டும். பனிப்போர் முடியும் தறுவாயில், 1988இல், அமெரிக்கா உற்பத்தியை நிறுத்தியது. பிறகு பழைய எதிரியான ரஷ்யாவிடம் விலைக்கு வாங்கியது. ரஷ்யாவும் கைவிரித்தது. 2015 டிசம்பரில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் புதிதாக 50 கிராம் தயாரித்ததை ஒரு தேசிய சாதனையாக அறிவித்தார்கள் என்றால் தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். வியாழனுக்குப் போன ஜூனோவும், 2024இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பரும் மாபெரும் சோலார் பேனல்களோடு போயின. ஐரோப்பா அமெரிசியம்-241 பக்கம் திரும்பியிருக்கிறது. சூடு குறைவு, ஆனால் அரை ஆயுள் 432 ஆண்டு.

நடுவே ஒரு விஷயம். 1970இல் பாரிஸில் ஒருவரின் நெஞ்சுக்குள் புளூட்டோனியத்தில் இயங்கும் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் பலருக்குப் பொருத்தினார்கள். பேட்டரி மாற்ற மறுபடி மறுபடி நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை என்பது நோயாளிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அவர் இறந்தபின் கருவியைத் தவறாமல் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. லித்தியம் பேட்டரி வந்ததும் மருத்துவர்கள் இதைக் கைவிட்டதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

ஆளில்லாத விளக்குகள்

சோவியத் ஒன்றியத்தின் வடக்குக் கரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். ஆர்க்டிக் இருளில் கப்பல்களுக்கு வழிகாட்டக் கலங்கரை விளக்கங்கள் வேண்டும். அங்கே குடியிருந்து விளக்கேற்ற ஆள் கிடையாது. ஸ்ட்ரான்சியம் மின்னாக்கிகளை வைத்தார்கள். பீட்டா-எம் என்ற வகை அரை டன்னுக்கும் மேல் எடை; கொடுத்த மின்சாரமோ பத்து வாட் அளவு. கலங்கரை விளக்கங்கள், வானிலை நிலையங்கள் என்று நாடு முழுவதும் சுமார் ஆயிரம் கருவிகள். அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. 1964இல் பால்டிமோர் அருகே ஒரு கலங்கரை விளக்கத்தில் வைத்துப் பார்த்தது. அலாஸ்காவின் பர்ன்ட் மலையில், அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கும் நிலநடுக்க நிலையத்துக்கு வைத்த மின்னாக்கிகளுக்கு அருகே 1992இல் காட்டுத்தீ நெருங்கி வந்தபோதுதான், சுற்று வட்டார மக்களுக்குத் தங்கள் மலையில் இருப்பது என்னவென்றே தெரியவந்தது.

சோவியத் கலைந்த பிறகு வடக்குக் கரையில் காவலுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. பழைய இரும்புக்கு விலை இருந்தது. பசித்தவர்கள் கவசத்தின் ஈயத்தையும் அலுமினியத்தையும் எவர்சில்வரையும் உடைத்தெடுத்தார்கள். 2003இல் ஃபின்லாந்து வளைகுடாவின் குர்கோலவோ அருகே இப்படி ஒரு விளக்கத்தை உடைத்தவர்கள், உள்ளே இருந்த சூட்டு உருளையைப் பனிக்கட்டி மூடிய கடல்மேல் வீசிவிட்டுப் போனார்கள். அது தன் சூட்டாலேயே பனியைத் துளைத்துக் கடலடிக்குப் போய்விட்டது. அதே ஆண்டு கோலா தீபகற்பத்திலும் இரண்டு இடங்களில் இதே கதை.

இந்த விளக்கங்கள் பலவற்றுக்கு அருகில் இருந்த வெளிநாடு நார்வே. 1990களின் பின்பாதியிலிருந்து அந்த அரசு தன் பணத்தைப் போட்டு, எல்லைக்கு அப்பாலுள்ள ரஷ்யக் கரையின் மின்னாக்கிகளை ஒவ்வொன்றாக அகற்றி, அந்த இடத்தில் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்துக் கொடுத்தது. 2009வாக்கில் வடமேற்கு ரஷ்யாவில் இந்த வேலை முடிந்தது. பிற நாடுகளும் உதவ, மற்றப் பகுதிகளிலும் பெரும்பாலானவை போய்விட்டன. ஆர்க்டிக்கில் பாதி ஆண்டு இருட்டு. அங்கேயே சோலார் பேனல் போதுமானதாக இருக்கிறது. பிறகு எதற்காகத் தரையில் ஸ்ட்ரான்சியம்?

நந்தாதேவி

நம் கதைக்கு வருவோம். 1964 அக்டோபர் 16இல் சீனா ஷின்ஜியாங்கின் லோப் நூர் பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962 போரில் பட்ட அடி இந்தியாவுக்கு ஆறவில்லை. சீனாவின் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அமெரிக்காவுக்கு ஓர் உயரமான இடம் தேவைப்பட்டது. சிஐஏவும் நம் உளவுத்துறையும் கைகோத்தன. இமயத்தின் ஒரு சிகரத்தில் ஆண்டெனாவும் கருவிகளும் வைக்கலாம். அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் மின்சாரம் வேண்டும். எனவே புளூட்டோனியம் நிரப்பிய ஸ்நாப்-19சி.

தேர்ந்தெடுத்த இடம் உத்தரகாண்டில் 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. 1965 மே மாதம் எவரெஸ்டில் ஒன்பது பேரை ஏற்றி உலகப் புகழ் பெற்றிருந்த கேப்டன் எம்.எஸ். கோலி தலைமை ஏற்றார். அந்தப் புகழே நல்ல போர்வையாக அமைந்தது. இந்திய, அமெரிக்க மலையேறிகளும் ஷெர்பாக்களும் சேர்ந்து சுமார் 56 கிலோ எடையுள்ள கருவித் தொகுதியை மேலே கொண்டுபோனார்கள். எரிபொருள் பெட்டியைச் சுமப்பதற்கு ஷெர்பாக்களிடையே போட்டி இருந்ததாம். முதுகுக்கு இதமான சூடு! உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல், அதற்கு குரு ரின்போச்சே என்று தங்கள் மதகுருவின் பெயரையும் வைத்தார்கள். சுமந்தவர்களுக்குக் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை என்பது இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்தும் இடம்.

அக்டோபரில் சிகரத்தை நெருங்கும்போது பனிப்புயல். நான்காவது முகாமில் ஆட்களின் உயிரா, கருவியா என்ற நிலை. கோலி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். கருவியைப் பாறையோடு கட்டிவைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. 1966 வசந்தத்தில் போய்ப் பார்த்தால் கருவியும் இல்லை, கட்டிவைத்த பாறையும் இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருந்தது. 1968 வரை தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. இதற்கிடையில் 1967இல் பக்கத்தில் உள்ள நந்தாகோட் மலையில் வேறொரு கருவியை வெற்றிகரமாக நிறுவிக் கொஞ்ச காலம் பயன்படுத்தினார்கள். அதைத் திரும்ப எடுக்கப் போனவர்கள், தன் சூட்டால் பனிக்குள் குகையே குடைந்துகொண்டு அது உட்கார்ந்திருந்ததைக் கண்டார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் நாட்டுக்கு எதுவும் தெரியாது. 1978இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை போட்டு உடைத்தது. நாடாளுமன்றத்தில் அமளி. ஏப்ரல் 17 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் எழுந்து, இரு அரசுகளின் உயர்மட்டத்தில் ஒப்புதல் பெற்றே இது நடந்தது என்று ஒப்புக்கொண்டார். விஞ்ஞானி ஆத்மாராம் தலைமையில், ஹோமி சேத்னா, ராஜா ராமண்ணா போன்றவர்களும் இடம்பெற்ற குழு அமைந்தது. மாசு இருப்பதற்கான அறிகுறி இல்லை, ஆபத்துக்கான வாய்ப்பும் மிகக் குறைவு என்பது குழு சொன்ன ஆறுதல்.

2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்காவில் திடீர் வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, ரைனி கிராம மக்களின் வாயில் முதலில் வந்த பேச்சு அந்தத் தொலைந்த கருவிதான். மரங்களைக் காத்த சிப்கோ இயக்கத்தால் புகழ்பெற்ற அதே ரைனி. விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டறிந்தார்கள்: ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே வெள்ளத்துக்கு மூலம். ஒரு சின்ன மின்னாக்கியின் சூடு அவ்வளவு பெரிய மலைப்பகுதியை அசைக்காது. கிராமத்தார் சொன்னது அறிவியலின்படி தவறு. ஆனால் அந்தச் சந்தேகத்தை விதைத்தவர்கள் அவர்கள் அல்லர். ஒரு பொருளை ஒருவர் வீட்டுக்கு மேலே தொலைத்துவிட்டு, பதின்மூன்று ஆண்டு மறைத்து, பிறகு பயப்படாதே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 87.7 ஆண்டு அரை ஆயுள் கணக்குப்படி அந்தப் புளூட்டோனியத்தில் இன்னும் அறுபது சதவீதத்துக்கு மேல் பனிக்குள் எங்கோ இருக்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும்?

விண்வெளியில் இந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்த வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள் நிலவில் இரவு வந்துவிட்டது. பூமிக் கணக்கில் பதினான்கு நாள் இரவு, வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 200 டிகிரியை நெருங்கும். விக்ரம் கலமும் பிரக்யான் ஊர்தியும் மறுபடி விழிக்கவில்லை. 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் ஊர்தி, கதிரியக்கச் சூடேற்றி இருந்ததால் பல இரவுகளைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் ஊர்ந்தது. சந்திரயான்-3இன் உந்து கலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த, தலா ஒரு வாட் வெப்பம் தரும் இரண்டு சூடேற்றிகள் சோதனையாக இருந்தன. மின்சாரம் கொடுக்கும் கருவியாக அவை இன்னும் வளரவில்லை. முதல் அடி, அவ்வளவே. அடுத்தடுத்த கலங்களில் அது வளர வேண்டும். எரிபொருள் எங்கே தயாராகிறது, ராக்கெட் தோற்றால் எங்கே விழும், யார் போய் எடுப்பார்கள் என்பதை நாசா காசினிக்குச் செய்ததுபோல ஏவுவதற்கு முன்பே பொதுவில் வைக்க வேண்டும்.

பூமியில் இது வேண்டாம். ஆர்க்டிக்கே சோலார் பேனலுக்கு மாறிவிட்ட பிறகு, எந்த மலைக்கும் எந்தத் தீவுக்கும் கதிரியக்கச் சூடு தேவையில்லை.

மூன்றாவது வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கு ராக்கெட்டும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். நந்தாதேவியின் பனி உருகி ரிஷிகங்காவாகி, அலக்நந்தாவில் கலந்து கங்கையாகிறது. அந்த நீரிலும் வண்டலிலும் புளூட்டோனியம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்க பாபா மையத்துக்கு ஒரு சிறு குழு போதும். சோதனை முடிவை, அது எப்படி இருந்தாலும், ரைனி மக்களுக்குப் புரியும் மொழியில் அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும்.